கூட்டு ஆர்டர், கூப்பன், தள்ளுபடி: சிறு கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விருதுநகர் பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. மளிகை, ரெடிமேட், பேக்கரி, அழகு நிலையம், வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்பவர்கள் என்று எல்லா வகையும் என்னிடம் வருகிறார்கள். சிட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று கேட்கும் சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. ஆன்லைனில் தள்ளுபடி போடுவது எப்படி, குரூப்பில் ஆர்டர் பிடிப்பது எப்படி, அதற்கு எவ்வளவு செலவாகும்? தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்திருக்கிறேன்.

"குரூப் டீல், கூட்டு ஆர்டர்னு சொல்றாங்களே, அது என்னண்ணே?"

"இத்தனை பேர் சேர்ந்தால் இந்த விலை" என்று முன்கூட்டியே சொல்லி, ஆள் சேர்ந்த பிறகு சரக்கைப் போடுவது. வாங்குபவருக்கு விலை குறையும். விற்பவருக்கு எவ்வளவு போகும் என்பது கொள்முதலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

புதுச் சங்கதி இல்லை இது. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியதே, பல குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் நல்ல சரக்கு நியாய விலைக்குக் கிடைக்கும் என்பதற்காகத்தான். சீனாவில் 2015-இல் வந்த பின்டுவோடுவோ என்ற விற்பனை ஆப் அதையே கைபேசிக்குள் கொண்டுபோனது. ஒருவர் லிங்க்கைத் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார், குறித்த நேரத்துக்குள் ஆள் சேர்ந்தால் எல்லோருக்கும் குறைந்த விலை. நம் ஊரில் ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பிரித்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

"அப்ப தள்ளுபடியும் இதுவும் ஒண்ணுதானே?"

வெளியில் பார்த்தால் அப்படித் தெரியும். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் வேறு. சாதாரணத் தள்ளுபடியில் உங்கள் லாபத்தை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறீர்கள். கூட்டு ஆர்டர் சரியாக நடந்தால் உங்கள் அடக்க விலையே குறைகிறது. குறைந்த அந்தப் பணத்தைத்தான் அவருக்கும் உங்களுக்குமாகப் பிரிக்கிறீர்கள்.

ஆகவே மொத்தமாகச் செய்தால் அடக்கம் குறையும் பொருளுக்கு (பலகாரம், பொடி, மசாலா, சீருடைத் துணி, அச்சு வேலை) கூட்டு ஆர்டர் பொருந்தும். எத்தனை விற்றாலும் கம்பெனி அதே விலைக்குத்தான் தரும் என்றால் அந்தப் பொருளுக்கு வேண்டாம். பத்து பிஸ்கட் பாக்கெட் போனாலும் நூறு போனாலும் உங்கள் கொள்முதல் மாறவில்லை என்றால், கூட்டம் கூடக் கூட உங்களுக்கு வேலைதான் கூடும்.

"எல்லாக் கடையும் ஆஃபர் போடுது. நானும் போடணுமா?"

எதற்கு என்று முதலில் சொல்லுங்கள். இதை நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கிறேன். பதில் "சும்மா விற்பனை கூடட்டும்" என்றால் நான் வேண்டாம் என்றே சொல்லுவேன்.

போடலாம் என்று நான் நினைக்கும் காரணங்கள் நாலைந்துதான். புது ஆள் ஒரு தடவை கடைக்குள் வர வேண்டும். தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பணமாக்க வேண்டும். ஆள் வராத செவ்வாய், புதன் மதிய நேரத்தை நிரப்ப வேண்டும். சீசனுக்கு முன்னால் முன்பணம் கைக்கு வர வேண்டும். அல்லது, மேலே சொன்னபடி, எண்ணிக்கை தெரிந்து அடக்கத்தைக் குறைக்க வேண்டும். இதில் எது உங்கள் காரணம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆஃபர் முடிந்த பிறகு அந்த வரியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"எத்தனை சதவீதம் குறைச்சா கை கடிக்காது?"

விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்களுக்கு நிற்கும் காசைப் பாருங்கள். 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் உங்களுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு நாளைக்குப் பத்து போகும், லாபம் 300. 10 சதவீதம் குறைத்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் நிற்கும், அதே 300 வர 15 விற்க வேண்டும். 20 சதவீதம் குறைத்தால் நிற்பது 10 ரூபாய், 30 விற்க வேண்டும். 25 சதவீதம் என்றால் 60. அஞ்சு சதவீதம் கூட்டியதற்கு விற்பனை இரண்டு மடங்காக வேண்டும், கவனியுங்கள். அந்த 60 பொருளை எடுத்துக் கொடுக்கவும் மடிக்கவும் ஆள் வேண்டும், அந்தக் கூலியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மளிகையில் பல சாமானில் நிற்பதே 8, 10 ரூபாய்தான். அதில் 5 சதவீதம் என்றாலே பாதி லாபம் போய்விடும். அந்த மாதிரிக் கடைக்குத் தள்ளுபடியைவிடக் கொசுறு நல்லது. 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கட்டு கறிவேப்பிலை, கொத்தமல்லி. உங்களுக்குப் பத்து ரூபாய் செலவு, அதை வாங்கிப் போகிறவர் முகத்தில் தெரியும் சந்தோஷம் அதைவிடப் பெரிது. ஜவுளி, அழகு நிலையம், பேக்கரி போன்றவற்றில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், அங்கே நிற்பது அதிகம்.

"காசு செலவில்லாம எதுல ஆரம்பிக்கறது?"

மூன்று சாதனம் போதும், மூன்றும் இலவசம். முதலாவது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் வந்தது. சாதாரண வாட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும். கூடவே கேட்டலாக் என்ற பகுதியில் படம், விலை, விவரம் போட்டு வைக்கலாம், அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கலாம், "பணம் வந்தது", "ஆர்டர் முடிந்தது" என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். கூட்டு ஆர்டருக்கு இந்த லேபிள்தான் உயிர். கடைக்குத் தனி சிம் வாங்கிப் போடுங்கள். வீட்டு நம்பரில் போட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் விலை கேட்பார்கள்.

இரண்டாவது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். கூகுள் மேப்பில் உங்கள் கடை தெரிவதற்கான பக்கம் அது. அதில் "சலுகை" என்று ஒரு வகைப் பதிவு உண்டு. ஆரம்பிக்கும் தேதி, முடியும் தேதி, கூப்பன் கோடு, நிபந்தனை எல்லாம் அதில் போடலாம். உங்களைத் தெரியாதவர், "பக்கத்தில் பேக்கரி" என்று தேடும்போது அது கண்ணில் படும். மூன்றாவது கூகுள் ஃபார்ம். பெயர், தெரு, எத்தனை கிலோ என்று மூன்று கேள்வி போட்டால் பதில் எல்லாம் தானாக ஷீட்டில் வரிசையாக விழும், கூட்டித் தரும். ஃபார்ம் நிரப்பச் சங்கடப்படும் பெரியவர்களுக்கு நீங்களே போட்டுவிடுங்கள்.

பணம் வாங்க யுபிஐ கியூஆர் இருக்கவே இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை.

"பிராட்காஸ்ட்ல அனுப்பினா பாதிப் பேருக்குப் போகவே இல்லையே?"

பிராட்காஸ்ட் என்பது வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் அந்தச் செய்தி அவர்களுக்குப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும். ஆகவே பில் போடும்போதே "கடை நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புதுச் சரக்கு வந்தா படம் அனுப்புறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்டு வாங்கிய நம்பர் நூறு இருந்தாலே போதும்.

எங்கிருந்தோ வாங்கிய ஐயாயிரம் நம்பருக்கு அனுப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள், ஆளைச் சொல்கிறேன். பலர் பிளாக் செய்தால் வாட்ஸ்அப்பே உங்கள் நம்பரை முடக்கிவிடும். அந்த நம்பரில்தான் உங்கள் பழைய வாடிக்கையாளர் எல்லோரும் இருப்பார்கள். மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் டிஎல்டி பதிவு (அனுப்புபவர் பெயரையும் செய்தியையும் டெலிகாம் கம்பெனியிடம் பதிவது) கட்டாயம். நூறு, இருநூறு பேருக்காக அந்தப் பாடு வேண்டாம்.

"கூப்பன் கோடு எதுக்கு? நேரா குறைச்சுக் கொடுத்தா ஆகாதா?"

ஆகும். ஆனால் யார் எதைப் பார்த்து வந்தார் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ரெடிமேட் கடை நடத்தும் ஒரு தம்பி போன ஆடியில் மூன்று கோடு வைத்தார். கூகுளுக்கு ஒன்று, பிராட்காஸ்டுக்கு ஒன்று, பள்ளிக்கூட வாசலில் கொடுத்த நோட்டீஸுக்கு ஒன்று. நோட்டீஸ் அடிக்கத்தான் அவருக்குப் பணம் செலவானது. அந்தக் கோடைச் சொல்லி வந்தவர்கள் நாலே பேர். பிராட்காஸ்டிலிருந்து 60 பேருக்கு மேல். அடுத்த வருடம் நோட்டீஸ் அடிக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

கோடு தமிழில் சொல்ல எளிதாக இருக்கட்டும். ஆடி10, மல்லி50 மாதிரி. எழுத்தும் எண்ணும் கலந்து எட்டு இலக்கம் வைத்தால் கல்லாவில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இதுக்கெல்லாம் வெப்சைட் வேணுமா?"

மாதம் ஐம்பது ஆர்டருக்குள் என்றால் வேண்டாம். அதற்கு மேல் போய், வெளியூருக்குப் பார்சலும் அனுப்புகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கும் வூகாமர்ஸ் என்ற கடை வசதி இலவசம், டொமைனுக்கும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் இடம்) மட்டும் வருடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலேயே சதவீதக் கூப்பன், நிலையான தொகைக் கூப்பன், குறைந்தபட்சக் கொள்முதல், எத்தனை தடவை பயன்படுத்தலாம், என்று முடியும் என்ற எல்லாக் கட்டுப்பாடும் வருகிறது. ஷாப்பிஃபை போன்றவை மாதச் சந்தா, வேலை குறைவு.

கார்டு, நெட்பேங்கிங் எல்லாம் சேர்த்துப் பணம் வாங்கப் பேமென்ட் கேட்வே வைத்தால் பொதுவாக 2 சதவீதம் அளவில் பிடிப்பார்கள், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். தள்ளுபடிக் கணக்கு போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 30 ரூபாயில் இதுவும் ஒரு கழிவு.

"சரிண்ணே, கூட்டு ஆர்டரை நடைமுறையில எப்படி நடத்தறது?"

நான் கிட்டே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் கணக்கு எழுதும் ஒரு அக்கா வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார். வாரம் 10 கிலோ போகும், கிலோ 360 ரூபாய். அடக்கம் 280 வரும், ஏனென்றால் எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்குவார், மாவு கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பார், மீந்ததை உதிரியாகக் குறைத்துக் கொடுப்பார். கிலோவுக்கு 80 வீதம் வாரம் 800 ரூபாய் நின்றது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20 கிலோ ஒரே நாளில் சுட்டால் அடக்கம் 265-க்கு வந்தது. 40 கிலோ என்றால் டின் எண்ணெய், மில்லில் ஒரே நடை, முழு நாள் கூலிக்கு ஒரு உதவி ஆள், மிச்சமே கிடையாது, அடக்கம் 245. ஆகவே இரண்டு படி வைத்தோம். 20 கிலோ சேர்ந்தால் 340, 40 சேர்ந்தால் எல்லோருக்கும் 320. எந்தப் படியில் நின்றாலும் கிலோவுக்கு 75 நிற்கும்.

புதன் சாயங்காலம் ஆறு மணிக்குக் குரூப்பில் ஒரே ஒரு செய்தி போட்டார். அதில் இருந்தது: என்ன பொருள், இரண்டு விலை, வெள்ளி இரவு 9 மணிக்கு முடியும், கிலோவுக்கு 100 முன்பணம், ஞாயிறு காலை 8 முதல் 11 வரை வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளலாம், சேராவிட்டால் முன்பணம் திரும்ப வரும். வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு 34 கிலோ. "இன்னும் 6 கிலோ, சேர்ந்தால் எல்லோருக்கும் 320" என்று எழுதினார். அப்புறம்தான் வேடிக்கை. ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களே ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கும் 20 ரூபாய் குறையுமே. ஒரு டீச்சர் தன் பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கேட்டு 5 கிலோ கொண்டுவந்தார். ஒன்பது மணிக்கு 41 கிலோ.

ஞாயிறு காலை நான் போனபோது திண்ணையில் கவர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் பெயர், கிலோ, பாக்கித் தொகை. பக்கத்தில் நீள நோட்டு. வாங்கியவர் பெயருக்கு நேரே அக்காவின் மகள் டிக் அடித்தாள். பத்தரைக்குத் திண்ணை காலி. அன்றைக்கு நின்றது 3,075 ரூபாய். சனிக்கிழமை விடிகாலை நாலு மணியிலிருந்து அடுப்படியில் நின்ற உழைப்பு அது, சும்மா வந்த பணம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டில் செய்து விற்கும் உணவுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். குரூப்பில் விற்பதால் அது தளர்ந்துவிடாது.

"ஆள் சேரலைன்னா அவமானமா போயிடாதா?"

அதற்குத்தான் இரண்டு படி. ஒரே இலக்கு வைத்து அது எட்டாவிட்டால் ஆர்டர் கொடுத்தவருக்கும் ஏமாற்றம், உங்களுக்கும் மனசு விட்டுப்போகும். எளிதில் எட்டும் முதல் படி ஒன்று இருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு விலையில் நடந்துவிடும். முதல் படியும் எட்டவில்லை என்றால் அன்று இரவே முன்பணத்தைத் திருப்பிவிட்டு, "இந்தத் தடவை சேரவில்லை, பணம் அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். அன்றே திருப்பியவரிடம் அடுத்த தடவை தயங்காமல் பணம் கொடுக்கிறார்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: சேராதபோது சேர்ந்ததாகச் சொல்லிப் பொய்ப் பெயர் சேர்ப்பது. குரூப்பில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

"முன்பணம் கேட்டா முகம் சுளிக்க மாட்டாங்களா?"

முழுப் பணம் கேட்டால் சுளிப்பார்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் கேட்டால் கொடுப்பார்கள். முன்பணம் இல்லாமல் "எனக்கு ரெண்டு கிலோ" என்று எழுதுபவர்களில் நாலில் ஒருவர் வர மாட்டார் என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போடுகிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, ஊருக்குப் போயிருப்பார்கள், மறந்திருப்பார்கள். சுட்ட முறுக்கு உங்கள் வீட்டில் கிடக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி லேபிள் மாற்றாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கிலோ ஆப்பிலோ வரவைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது இன்று குழந்தை விளையாட்டு. இரண்டாவது, பணம் பெறுவதற்கு நீங்கள் யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. "பெரிய ஆர்டர், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க" என்றால் உங்கள் பணம்தான் போகும்.

"பெரிய டீல் ஆப்புல சேரச் சொல்லி போன் வருது. சேரலாமா?"

சேருவதற்கு முன்னால் பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரில் 2008-இல் குரூப்பான் என்ற டீல் தளம் தொடங்கியது. முதல் டீல், தங்கள் கட்டடத்தில் கீழே இருந்த ஒரு பாரின் பீட்சா, ஒன்றின் விலைக்கு இரண்டு. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதன் வழக்கம்: கடை பாதி விலைக்குக் கொடுக்க வேண்டும், அந்தப் பாதியிலும் கிட்டத்தட்டப் பாதியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். 1,000 ரூபாய் வேலைக்குக் கடைக்காரர் கையில் 250. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2010-இல் அப்படி டீல் போட்ட 150 கடைகளைக் கேட்டபோது 66 சதவீதம் பேர் லாபம் என்றார்கள், 32 சதவீதம் பேர் நஷ்டம் என்றார்கள். மூன்றில் ஒரு கடைக்கு முதலுக்கே மோசம்.

இந்தியாவிலும் வந்தது. 2013 செப்டம்பரில் வெங்காய விலை எகிறிக் கிடந்தபோது கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் என்று டீல் போட்டார்கள், கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. 2015-இல் இந்தியக் கிளை பிரிந்து நியர்பை என்று பெயர் மாறியது. ஸ்னாப்டீலும் 2010-இல் டீல் கூப்பன் விற்கத்தான் தொடங்கியது, பிறகு சரக்கு விற்கும் சந்தையாக மாறிவிட்டது. டீலை மட்டுமே நம்பியவர்களே நிற்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இதில் படுவது.

அப்படியானால் யாருக்குச் சரி? நேரம்தான் உங்கள் சரக்கு என்றால், உதாரணமாக அழகு நிலையம், காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு அடக்கம் குறைவு. அங்கே செவ்வாய், புதன் மட்டும், ஒரு நாளைக்கு ஆறு பேர் மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போடலாம். என்னிடம் வரும் ஒரு பார்லர் அக்கா இந்த வரம்பை எழுதாமல் ஒரு ஆப்பில் சேர்ந்துவிட்டார். முகூர்த்த நாளில் டீல் ஆட்கள் வரிசையில் நிற்க, பழைய வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். கேட்க வேண்டியவை: கமிஷன் எந்தத் தொகையின் மேல், என் கணக்குக்குப் பணம் எத்தனை நாளில், ஒரு நாளைக்கு எத்தனை என்று நான் கட்டுப்படுத்தலாமா, வந்தவர் நம்பர் எனக்குக் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் அந்த ஆள் உங்கள் வாடிக்கையாளர் ஆகமாட்டார், ஆப்பின் வாடிக்கையாளராகவே இருப்பார்.

அரசு முயற்சியில் வந்த ஓஎன்டிசி வேறு மாதிரி. ஒரே கம்பெனியின் ஆப் கிடையாது, பல ஆப்களை இணைக்கும் வலை. 2022-இல் சோதனைக்கு எடுத்த ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. அதில் சேர விரும்பினாலும் மேலே உள்ள கேள்விகளைக் கேட்டுவிட்டே சேருங்கள்.

"நாங்க நாலு கடைக்காரங்க சேர்ந்து சரக்கு எடுக்கலாமா?"

எடுக்கலாம், நான் மிகவும் ஆதரிக்கும் விஷயம் இது. பேக்கிங் கவர், பில் ரோல், அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் போன்றவற்றில் எந்தக் கடைக்கும் போட்டி கிடையாது, எல்லோருக்கும் தேவை. ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு ஷீட், மாதம் ஒரு தேதி, போதும்.

பில் விஷயத்தில் மட்டும் கவனம். ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஜிஎஸ்டி கண்ணில் அவர் மற்றவர்களுக்கு விற்றதாக அர்த்தம். அவர் எல்லோருக்கும் பில் போட வேண்டும், அவருடைய விற்றுமுதலும் ஏறும். மொத்த வியாபாரியிடமே பேசி, விலை மொத்தத்துக்கு, பில் தனித்தனி என்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கு ஒரே நடையில் நாலு கடைக்குச் சரக்கு போகிறது.

"தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி எப்படிப் போடறது? முன்பணத்துக்கும் வரி உண்டா?"

விற்கும்போதே தள்ளுபடி கொடுத்து அதைப் பில்லிலும் காட்டினால், குறைத்த பிறகு வரும் தொகைக்குத்தான் வரி. சட்டத்தில் 15-ஆம் பிரிவு. வாயால் குறைத்துவிட்டுப் பில்லில் முழு விலை எழுதினால் வராத பணத்துக்கும் வரி கட்டுவீர்கள். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதை, இரண்டு பொருளை ஒரு விலைக்கு விற்றதாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019 மார்ச்சில் சுற்றறிக்கையே வந்துவிட்டது. இரண்டையும் பில்லில் எழுதுங்கள்.

பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு, வழக்கமான முறையில் பதிவு செய்தவர் வாங்கிய அன்றே வரி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். சேவைக்கு அப்படி இல்லை. பார்லர், டியூஷன், போட்டோ எடுப்பவர் எல்லாம் முன்பணம் வாங்கிய மாதமே கணக்கில் கொண்டுவர வேண்டும். ஆன்லைன் சந்தைத் தளம் வழியாக விற்றால் அவர்கள் டிசிஎஸ் (உங்கள் விற்பனைப் பணத்திலிருந்து முன்கூட்டியே எடுக்கும் வரி) பிடிப்பார்கள், 2024 ஜூலையிலிருந்து அது 0.5 சதவீதம். அது போன பணம் இல்லை, ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பலர் ஏற்காமலே விட்டுவிடுகிறார்கள்.

"விலையை ஏத்திப் போட்டுட்டு அப்புறம் அடிச்சுக் காட்டினா என்ன தப்பு?"

தப்புதான். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி-க்கு மேல் விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 600-க்கு விற்றுக்கொண்டிருந்த சட்டைக்கு 1,200 என்று சீட்டு ஒட்டி, அதை அடித்து 600 போடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குள் வரும். "இன்னும் 2 மணி நேரம்தான்" என்று தினமும் போடுவதையும் போலி அவசரம் என்று 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறையில் சேர்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் 1915-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

சட்டத்தை விடுங்கள். போன மாதம் உங்களிடம் 600-க்கு வாங்கியவர் அந்தச் சீட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

"குலுக்கல் வைக்கலாமா? ஒரு பைக் பரிசு போட்டா கூட்டம் அள்ளும்."

தமிழ்நாட்டில் கூடாது. பொருள் வாங்கியவர்களில் குலுக்கி ஒருவருக்குப் பரிசு கொடுப்பதற்கு 1979-இலிருந்தே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டில் பொடி எழுத்தில் "தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் செல்லாது" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வாங்கும் எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுங்கள். அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை.

"மாசாமாசம் 500 வாங்கி தீபாவளிக்குச் சாமானா கொடுத்தா அதுவும் கூட்டு ஆர்டர்தானே?"

இந்த இடத்தில் நான் கறாராகவே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். மேலே சொன்ன முறுக்கு ஆர்டரில் பணம் வந்து மூன்று, நாலு நாளில் பொருள் போய்விடுகிறது. பத்து மாதம் பணம் சேர்த்து, கட்டியதைவிடக் கூடுதல் மதிப்புக்குச் சாமான் தருகிறேன் என்பது ஜனங்களின் பணத்தை நீங்கள் வைத்திருப்பது. சீட்டுக்கு 1982 சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவில்லாமல் டெபாசிட் மாதிரி வாங்குவதற்கு எதிராக 2019-இல் தனிச் சட்டமே வந்தது. நீங்கள் நேர்மையானவராக இருந்தாலும், நடுவில் எண்ணெய் விலை ஏறினால், வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கை அந்தப் பணத்துக்குத்தான் போகும். பலகாரச் சீட்டு நடத்தி ஊரை விட்டே போனவர்களில் எல்லோரும் ஏமாற்ற நினைத்து ஆரம்பித்தவர்கள் இல்லை.

தீபாவளிக்கு நாலு வாரம் முன்னால் கூட்டு ஆர்டர் திறந்து, பத்து நாள் முன்னால் மூடுங்கள். கொள்முதலுக்கு அவகாசம் கிடைக்கும், யார் பணமும் உங்கள் கையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்காது.

"ஆஃபரை நிறுத்தினா வர்றவங்க நின்னுட மாட்டாங்களா?"

கொஞ்சப் பேர் நிற்பார்கள். விலைக்காக மட்டும் வந்தவர்கள் அவர்கள், எப்படியும் அடுத்த கடைக்குப் போகப் போகிறவர்கள். எத்தனை பேர் விடாமல் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் கூப்பன் கோடும் அந்த நோட்டும். கோடைச் சொல்லி வந்த 60 பேரில் அடுத்த இரண்டு மாதத்தில் முழு விலைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுங்கள். அந்த ரெடிமேட் தம்பிக்கு 60-இல் 17 பேர் தீபாவளிக்கு வந்தார்கள். நாலில் ஒருவருக்கும் மேல், அது நல்ல வரவு.

மாதா மாதம் ஆஃபர் போட்டால் ஆஃபர் இல்லாத நாளில் யாரும் வாங்க மாட்டார்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள். வருடத்துக்கு மூன்று, நாலு தடவை போதும், தேதியும் பழகிவிட வேண்டும்: பொங்கல், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன், ஆடி, தீபாவளி. முறுக்கு அக்கா இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மட்டும் கூட்டு ஆர்டர் வைக்கிறார். மற்ற வாரம் 360-தான். போன வாரம் சிட்டை கொடுக்க வந்தபோது, சாதாரண வாரத்திலும் 14 கிலோ போகிறது என்றார். திண்ணையில் கவர் வாங்க வந்தவர்கள்தான் அந்த நாலு கிலோ.